தசை துடிப்பதைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது கை கால் சூம்பும் நோய்க்கு அக்குபங்சர் பார்க்கலாம் என்று பேச்சு நடந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அப்பச்சிக்கு மோட்டார் நியூரான் நோய். நரம்பியல் மருத்துவர் ஈ.எம்.ஜி. (தசை, நரம்பின் மின் இயக்கத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்து உறுதி செய்திருந்தார். வேட்டியை இறுக்கிக் கட்ட விரலில் வலுவில்லை, நிலைப்படியைத் தாண்ட ஆள் பிடிக்க வேண்டும். உறவுக்காரர் ஒருவர் சொல்லி காரைக்குடியில் ஓர் அக்குபங்சர் மையத்துக்குக் கூட்டிப் போனோம். எல்லா சிட்டிங்குக்கும் மொத்தமாக முன்பணம் வாங்கினார்கள். ரசீது கிடையாது.

முதல் நாளே அங்கிருந்த அக்குபங்சர்காரர் கணுக்காலில் ஊசியைச் செருகி, "வலிக்குதாங்கய்யா?" என்று கேட்டார். அப்பச்சி தலையாட்டினார்கள். "அப்ப நரம்பு உயிரோடதான் இருக்கு, நடந்துரலாம்" என்றார். இந்த நோயில் அழிவது தசையை இயக்கும் நரம்பணுக்கள். வலியை உணர்த்தும் நரம்புகள் வேறு, அவை பெரும்பாலும் கெடுவதில்லை. இந்த நோய் உள்ள யாரைக் குத்தினாலும் வலிக்கத்தான் செய்யும்.

இதைவிட மோசம் அடுத்தது. அப்பச்சியின் தொடையில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் அங்கங்கே துடிக்கும். அதைத் தொட்டுக் காட்டி, "பாருங்க, சக்தி ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றார். ஆத்தா கையெடுத்துக் கும்பிட்டார்கள். நரம்பு செத்துக்கொண்டிருப்பதால் தசை தானாகத் துடிக்கிறது. நோயின் அறிகுறியையே குணமாவதன் அடையாளமாகக் காட்டியிருக்கிறார் அந்த மனிதர்!

இந்த நோய்க்கு மருத்துவர் கொடுத்திருந்த ரிலுசோல் மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று நிறுத்தச் சொன்னார். ஈரலைப் பாதிக்கலாம் என்பது உண்மைதான். அதற்காகத்தான் மருத்துவர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்கிறார். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து நோயைத் தீர்க்காது, சராசரியாகச் சில மாத ஆயுளைக் கூட்டித் தரும். எங்களுக்கு அந்தச் சில மாதம் பெரிது. பிசியோதெரபியும் வேண்டாம் என்றார்.

கஞ்சி புரையேறி, இருமித் துப்பத் தெம்பில்லாமல் நெஞ்சில் சளி கட்டியபோது போன் செய்தோம். "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க." அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், நிமோனியா.

மூட்டுவலிக்கு அக்குபங்சர் ஊசி குத்திச் சுகப்பட்டவர்கள் இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. செத்த இயக்க நரம்பணுவை ஊசியால் எழுப்ப முடியாது. விழுங்கும்போது இருமினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ நரம்பியல் மருத்துவரிடம் நுரையீரல் பரிசோதனையும் மூச்சுவிட உதவும் பைபாப் கருவியும் பற்றிக் கேளுங்கள்.

சிவகங்கை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதே மையத்தில் ஏமாந்தவர்கள் நீங்களும் எழுதுங்கள்.