ட்ரெயினர் காட்டும் வாட்டை எவ்வளவு நம்பலாம்? ஐந்து வருட அனுபவம்

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. 2020 ஊரடங்கில் திருவான்மியூரைத் தாண்டி ஈ.சி.ஆர். பக்கம் போகவே முடியாமல் இருந்தபோது முதல் ட்ரெயினரை, அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவியை, வாங்கினேன். இப்போது ஓட்டுவது மூன்றாவது. இந்த ஐந்து வருடத்தில் என் எஃப்.டி.பி. என்ற வாட் எண் 248, 214, 229, 219 என்று மாறியிருக்கிறது. என் கால் அந்த அளவுக்கு ஏறி இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அளந்த கருவியோ, அதை நான் வைத்திருந்த விதமோ மாறியது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். புதிதாக ட்ரெயினர் வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள் இதில் இருக்கும்.

எஃப்.டி.பி. என்றால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சராசரி வாட். பெரும்பாலும் 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, வரும் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். பயிற்சித் திட்டம் முழுவதும் இந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. இது 10 சதவீதம் கூடிப்போனால், ‘இதமாக ஓட்டு’ என்று திட்டம் சொல்லும் நாளிலும் கால் கொதிக்கும்.

முதல் ட்ரெயினர் பின் டயரை ஒரு உருளையின் மேல் அழுத்தி ஓட்டும் வகை. விலை குறைவு என்பதால் நம் ஊரில் நிறையப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். இந்த வகையில் பல ட்ரெயினர்கள் வாட்டை நேரடியாக அளப்பதில்லை. உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதை வைத்து இவ்வளவு வாட் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். டயருக்கும் உருளைக்கும் நடுவில் எவ்வளவு சக்தி வீணாகிறது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஸ்பின்டவுன். 35 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றிவிட்டு மிதிப்பதை நிறுத்த வேண்டும். சக்கரம் எத்தனை விநாடியில் நிற்கிறது என்று பார்த்து வீணாகும் அளவை அது கணித்துக்கொள்ளும்.

நான் செய்த தவறு, உட்கார்ந்தவுடனே ஸ்பின்டவுன் செய்தது. டயர் குளிர்ந்திருக்கும்போது உருளலுக்குத் தடை அதிகம், சீக்கிரம் நின்றுவிடும். ட்ரெயினரும் ‘இங்கே நிறைய வீணாகிறது’ என்று எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் டயர் சூடாகித் தடை குறைந்த பிறகும் அதே பழைய கணக்கையே சேர்த்துக் காட்டும். அதாவது நான் கொடுக்காத வாட்டுக்கும் கணக்கு ஏறும். அப்புறம் டயரில் காற்று ஒருநாள் 100 பி.எஸ்.ஐ., இன்னொரு நாள் 85. உருளையை அழுத்தும் திருகு ஒருநாள் இரண்டு சுற்று, ஒருநாள் இரண்டரை. 248 என்ற எண் இப்படித்தான் வந்தது.

அதே ட்ரெயினரில் டெஸ்ட் எடுத்து, அதிலேயே பயிற்சியும் செய்தால் பிழை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும் என்று சொல்வார்கள். பிழை தினமும் ஒரே அளவில் இருந்தால் அது சரி. என்னுடையது அப்படி இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை 220 வாட்டில் ஒரு மணி நேரம் சுலபமாகப் போனது. அதே வார வெள்ளிக்கிழமை 200லேயே முடியவில்லை. நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். தூக்கம் போதவில்லையா, சாப்பாடு சரியில்லையா என்று யோசித்து யோசித்து ஒரு வருடம் போனது. கடைசியில் திருகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் காற்று அளந்து, பத்து நிமிடம் ஓட்டிய பிறகே ஸ்பின்டவுன் செய்ய ஆரம்பித்தேன். ஏற்ற இறக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. இந்த வகை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு மார்க்கர் பேனாதான் செலவு.

2022 ஜூனில் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வாங்கினேன். டயர் இல்லை, வழுக்கல் இல்லை. பெட்டியில் கூட்டல் கழித்தல் 2 சதவீதத் துல்லியம் என்று போட்டிருந்தது. முதல் டெஸ்டில் 214. ஒரே வாரத்தில் 34 வாட் காணாமல் போனது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி உடனே சீரானது. திட்டம் ‘கஷ்டம்’ என்று சொன்ன நாள் கஷ்டமாகவும், ‘சுலபம்’ என்ற நாள் சுலபமாகவும் இருந்தது. எண் சரியாக இருப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து 2023 டிசம்பரில், வெளியே ஓட்டுவதற்காகப் பவர் மீட்டர் பெடல் வாங்கினேன். பவர் மீட்டர் என்பதே ஜெர்மன் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் 1986இல் க்ராங்கில், அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டில், வைத்துத் தொடங்கிய விஷயம். அடிப்படை இன்றும் அதேதான். உலோகத்தில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ், நாம் மிதிக்கும்போது அந்த உலோகம் மயிரிழை அளவு வளைவதை மின்தடையில் வரும் மாற்றமாக உணர்கிறது. அந்த விசையை க்ராங்க் நீளத்தால் பெருக்கினால் முறுக்கு விசை. அதைச் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட்.

பெடலையும் ட்ரெயினரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து பார்த்தேன். ட்ரெயினர் 200 காட்டும்போது பெடல் 214. பெடலில் எடுத்த எஃப்.டி.பி. 229. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது என்பது தெரிந்ததுதான். பெடல் அளப்பது காலடியில், ட்ரெயினர் அளப்பது செயினைத் தாண்டி. நடுவில் செயினும் பற்சக்கரமும் கொஞ்சம் தின்றுவிடும். நல்ல செயின் என்றால் 2, 3 சதவீதம். இங்கே 7 சதவீதம். செயின் அவ்வளவு தின்னாது.

இரண்டு மாதம் ட்ரெயினர் குறைவாகக் காட்டுகிறது என்றே நம்பியிருந்தேன். பெடல் விலை அதிகம், புதிது, அதனால் அது சொல்வதுதான் உண்மை என்ற எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடை தொங்கவிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த 10 கிலோ இரும்புத் தட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். ஒரு கிராம்வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு அங்கே உண்டு. “என்ன தம்பி, பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா?” என்றார் அண்ணாச்சி. சைக்கிள் பெடல் சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். ஒன்றும் கேட்காமல் தராசுத் தட்டை ஈரத் துணியால் துடைத்து, பூஜ்யம் வந்ததும் வைக்கச் சொன்னார். 10.040 கிலோ.

வீட்டில் பின் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, இரண்டு பிரேக்கையும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தினேன். க்ராங்க் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கொத்தனார்கள் வைக்கும் ரசமட்டத்தைக் க்ராங்க் மேல் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை சைக்கிளை நகர்த்தி நகர்த்திப் பிடித்தேன். பிறகு பெடலில் கயிறு போட்டுத் தட்டைத் தொங்கவிட்டேன். கயிறு ஆடி நிற்க ஒரு நிமிடம் ஆனது. கணக்கு இதுதான்: சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78. பள்ளியில் படித்த 9.81ஐவிடக் கொஞ்சம் குறைவு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம் இல்லையா. 10.04ஐ 9.78ஆல் பெருக்கி, என் க்ராங்க் நீளம் 165 மில்லிமீட்டரால் பெருக்கினால் 16.20 நியூட்டன் மீட்டர். பெடலின் ஆப் காட்டியது 16.94. வலது பக்கமும் கிட்டத்தட்ட அதே.

இரண்டு பெடலும் ஒரே அளவு தப்புவது விசித்திரமாக இருந்தது. 16.94ஐ 16.20ஆல் வகுத்தேன், 1.045. அந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆப்பில் செட்டிங்ஸைத் திறந்தால் க்ராங்க் நீளம் 172.5 என்று கிடந்தது. கம்பெனி வைத்து அனுப்பிய எண், நான் மாற்றவே இல்லை. 172.5ஐ 165ஆல் வகுத்தால் 1.045. பெடலில் குறை எதுவும் கிடையாது. இரண்டு மாதம் ஒவ்வொரு வாட்டிலும் நாலரை சதவீதம் கூடச் சேர்த்தது நான் கொடுத்த தப்பான நீளம்.

165 என்று மாற்றியதும் 214 இருந்த இடத்தில் 205 வந்தது. எஃப்.டி.பி. 219. மிச்சமிருந்த ஐந்து வாட் செயினுடையது. கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் பழுப்பேறும். கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து எண்ணெய் போட்டதும் ஐந்து நாலானது.

பெடல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டத் தொடங்கும் முன் ஸீரோ ஆஃப்செட் எடுப்போம், அதாவது எந்த விசையும் இல்லாதபோது இதுதான் பூஜ்யம் என்று சொல்லிக் கொடுப்பது. ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த உடனே இதைச் செய்யாதீர்கள். உலோகம் வெளி வெப்பத்துக்கு வரக் கால் மணி நேரம் கொடுங்கள். இடது காலில் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மலிவு வகை மீட்டர் என்றால் அதையும் மனதில் வைக்க வேண்டும். ஒருவருக்கு இடது 48, வலது 52 என்று கால் பங்கு இருந்தால், அவர் 250 கொடுக்கும்போது மீட்டர் 240தான் சொல்லும்.

வெயில் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் ட்ரெயினரை அதிகம் சந்தேகப்படுவது மே மாதத்தில். டிசம்பரில் 190 வாட்டில் 152 இருந்த என் இதயத்துடிப்பு, மே மாதம் அதே 190இல் 168ஐத் தொட்டது. ட்ரெயினர் குறைவாகக் காட்டுகிறது என்று நினைத்து ஒரே வாரத்தில் மூன்று முறை காலிப்ரேட் செய்தேன். எண் அசையவில்லை, பெடலும் அதையே சொன்னது. உடல் எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. 190 வாட் மிதிக்கும் ஆள் 600 வாட்டுக்கு மேல் சூடாகத் தள்ளுகிறார். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடிய அறையில் உட்காருவது போலத்தான். வெளியே ஓட்டும்போது எதிர்காற்று அதை எடுத்துக்கொண்டு போகும், வீட்டுக்குள் ஃபேன்தான் கதி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பெரிய ஃபேன் வைத்த பிறகு அதே வெயிலில் துடிப்பு 158க்கு இறங்கியது. துல்லியத்துக்குச் செலவு செய்ய நினைப்பவர்கள் ஃபேனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எர்க் மோடில், அதாவது நாம் வைத்த வாட் மாறாதபடி ட்ரெயினரே தடையைக் கூட்டிக் குறைக்கும் முறையில், திரையில் தெரியும் வழவழப்பான கோட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 200 என்று வைத்தால் கோடு நேராக ஓடும். அது பெரும்பாலும் மென்மைப்படுத்திக் காட்டுவது. அந்த வசதியை அணைத்துப் பார்த்தேன், 185க்கும் 215க்கும் நடுவில் ரம்பப் பல் மாதிரி கோடு வந்தது. கால் உண்மையில் அப்படித்தான் மிதிக்கிறது. பத்து நிமிட ஓட்டத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, சராசரி அதேதான். 15 விநாடி ஸ்பிரின்ட் என்றால் வித்தியாசம் பெரிது. பெடலில் 780 வரை போன இடத்தில் ட்ரெயினர் 690உடன் நின்றது, அதுவும் இரண்டு விநாடி தாமதமாக. ஸ்பிரின்ட் எண்ணை நான் ட்ரெயினரில் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

2024 செப்டம்பரில் பெல்ட் கீச்சிட ஆரம்பித்து, சர்வீஸுக்கு அனுப்பிய ட்ரெயினருக்குப் பதிலாக அதே மாடலில் வேறொன்று வந்தது. மூன்றாவது ட்ரெயினர் இதுதான். பழையது பெடலைவிட நாலு வாட் குறைவாகக் காட்டியது. இது இரண்டு வாட் கூடக் காட்டுகிறது. செயின் தின்றது போக மிச்சம்தான் ட்ரெயினருக்குப் போய்ச் சேரும், கூடப் போக வழியே இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ கொஞ்சம் தப்பு. ஆனாலும் எதுவும் பெட்டியில் போட்ட வாக்கை மீறவில்லை. கூட்டல் கழித்தல் 2 சதவீதம் என்றால் ஒன்று 2 கூடவும் இன்னொன்று 2 குறையவும் காட்டலாம். 220 வாட்டில் அது கிட்டத்தட்ட ஒன்பது வாட். நண்பரின் ட்ரெயினர் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டு வருத்தப்படுவதோ சந்தோஷப்படுவதோ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. 2020 டிசம்பரில், ட்ரெயினரில் ஓட்டும் முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியபோதும் போட்டியாளர்களுக்கு ஒரே மாதிரி ட்ரெயினர்தான் கொடுக்கப்பட்டது. ஜெர்மனியின் படகு வீரர் ஜேசன் ஆஸ்போர்ன் அதில் ஆண்கள் பிரிவில் ஜெயித்தார்.

இப்போது என் வழக்கம் இது. உள்ளேயும் வெளியேயும் பெடல் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். எர்க் மோடில் பெடலைப் பார்த்துத் தடையைச் சரிசெய்யும்படி ட்ரெயினரை வைத்திருக்கிறேன். 30 விநாடி இன்டர்வலில் கொஞ்சம் தடுமாறும், மற்றபடி குறை இல்லை. மாதம் ஒருமுறை, பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகு ஸ்பின்டவுன். அறை வெப்பம், நின்ற விநாடி, இரண்டு கருவியின் சராசரி எல்லாம் ஒரு நோட்டில் போகிறது. இந்த வித்தியாசம் மாறாமல் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை. திடீரென்று மாறினால் முதலில் செயின், பிறகு பெல்ட், பிறகு பெடல் பேட்டரி என்று பார்க்கிறேன்.

நேற்றுக் காலை டெஸ்ட் எடுத்தேன். அறையில் 29 டிகிரி, இரண்டு ஃபேனும் ஓடின. கணக்குப் போட்டதில் பெடல் 226, ட்ரெயினர் 228. 226ஐத் திட்டத்தில் போட்டுவிட்டு, இரண்டையும் நோட்டில் எழுதினேன்.