ஜிம்னிக்கு 215/75 ஆர்15 டயர்: எங்கேயும் உரசவில்லை

மாருதி ஜிம்னியில் கம்பெனி கொடுப்பது 195/80 ஆர்15 டயர் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், வீலின் விட்டம் 15 இஞ்ச்). அதைக் கழற்றிவிட்டு 215/75 ஆர்15 அளவில் யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி (ஆல் டெரெய்ன், ரோடு, மண் இரண்டுக்குமான டயர்) ஜி015 போட்டிருக்கிறேன். சஸ்பென்ஷனைத் தொடவில்லை. வீல் பழையதுதான். பம்பரை வெட்டவில்லை, ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் வளையம்) வைக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தாலும் சரி, ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்க எதிர்ச்சக்கரம் மட்கார்டுக்குள் ஏறி நின்றாலும் சரி, டயர் எங்கேயும் உரசவில்லை. ஜிம்னி வைத்திருந்து "எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த அளவுதான். ஏன் இதோடு நிறுத்தினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் டயர் கடையில் நின்றால் எல்லோரும் இதற்கு மேலே போகத்தான் சொல்வார்கள்.

எனக்குத் தாண்டிக்குடி பக்கம் காபியும் மிளகும் போட்ட தோட்டம். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை என்று ஏறிப் போகும் வழி முழுக்கத் தார் ரோடு, அதற்கு எந்த டயரும் போதும். ரோட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகும் பாதைதான் வண்டியைச் சோதிக்கும். செம்மண், பாதி புதைந்த உருண்டைக் கல், தண்ணீர் அரித்த ஓடை. ஐப்பசி மழையில் அந்த மண் வழுக்கும் வழுக்கலில் பழைய ஹெச்/டி (ஹைவே டெரெய்ன், ரோட்டுக்கான) டயரின் டிரெட், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், மண் அடைத்து வழவழவென்று ஆகிவிடும். நாலு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. ஆக எனக்கு முதலில் வேண்டியிருந்தது பிடிப்பு. உயரம் அதற்குப் பிறகுதான்.

கணக்கு இப்படி. 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 என்றால் 703.5. வித்தியாசம் பத்தரை மி.மீ., அதாவது 1.5 சதவீதம். இதில் பாதிதான் வண்டியின் அடிப்பக்கத்துக்குக் கிடைக்கும். ஜிம்னியின் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் 215 ஆகும், அவ்வளவுதான். உயரத்துக்காகப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது. அகலம் 20 மி.மீ. கூடும். வீல் அதேதான் என்பதால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 என்று பிரியும். உரசுமா உரசாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த உள்பக்கத்துப் பத்து மில்லிதான். ஆனால் பலரும் மட்கார்டை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு "நிறைய இடம் இருக்கே" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஜிம்னியில் முன்பக்கமும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே அச்சு. அதைப் பிடித்திருப்பவை சக்கரத்துக்கு உள்பக்கமாகப் பின்னோக்கி ஓடும் இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது திரும்பும் பக்கத்து டயரின் பின் ஓரம் உள்ளே வந்து இந்த ஆர்மை நெருங்கும். அதே நேரம் டயரின் வெளி ஓரம் முன்னே பம்பரின் கீழ்முனையை நோக்கியும், பின்னே மட்ஃப்ளாப்பை நோக்கியும் போகும். உள்ளே உரசுகிறது என்று ஸ்பேசர் வைத்தோ, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற மி.மீ. அளவு) குறைந்த வீல் வாங்கியோ டயரை வெளியே தள்ளினால் ஆர்ம் தப்பிக்கும். ஆனால் டயர் சுழலும் வட்டம் பெரிதாகி பம்பரில் போய் இடிக்கும். கம்பெனி வீல் ஐந்தரை இஞ்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. 215/75 டயருக்கு ஐந்தரை இஞ்ச் வீல் அனுமதிக்கப்பட்ட அகலத்துக்குள்ளேயே வருகிறது. அதனால்தான் வீலை மாற்றாமல் தப்பித்தோம்.

டயர் மாற்றியது திண்டுக்கல்லில் ஒரு கடையில். நல்ல கடை, அவசரப்படுத்தாத ஆட்கள். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் ஒரே மூச்சில் மாட்டச் சொல்லாமல், முதலில் முன் இரண்டை மட்டும் மாட்டிப் பார்க்கலாம் என்றேன். மறுப்புச் சொல்லவில்லை. பையன் சாக்பீஸ் கொண்டுவந்தான். ரேடியஸ் ஆர்மின் பக்கவாட்டில், லைனரின் (மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்) ஓரத்தில், பம்பரின் கீழ்முனையில் வெள்ளையாகப் பட்டை அடித்தோம். பிறகு முன் இடது சக்கரத்தை ஒரு ரேம்ப் கட்டை மேல் ஏற்றி, மட்கார்டுக்குள் நன்றாக அமுங்க வைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கக் கோடியிலிருந்து மறு கோடி வரை ஒடித்தோம். வலது சக்கரத்துக்கும் அப்படியே. ஒடித்த நிலையிலேயே ரிவர்ஸிலும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தோம். முன்னோக்கிப் போகும்போது கேட்காத சத்தம் சில வண்டிகளில் பின்னால் எடுக்கும்போதுதான் கேட்கும். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்பீஸ் பட்டை அப்படியே இருந்தது. ஆர்முக்கும் டயருக்கும் நடுவே என் ஆள்காட்டி விரல் தாராளமாகப் போனது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற மூன்றையும் மாட்டச் சொன்னேன்.

கடையில் இருந்த மூத்த மெக்கானிக், "அண்ணே, 235/75 போடுங்கண்ணே, வண்டி கெத்தா நிக்கும்" என்றார். நிற்கும்தான். 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733.5 மி.மீ., கம்பெனி டயரைவிட 40 மி.மீ. அதிகம். பார்க்க ஜிம்னிக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் அந்த அளவுக்குக் குறைந்தது ஆறு இஞ்ச் அகல வீல் வேண்டும், ஆகவே வீலும் புதிது வாங்க வேண்டும். உள்பக்கம் ஆர்மை உரசும், ஆகவே வீலை வெளியே தள்ள வேண்டும். தள்ளினால் பம்பர் முனையை வெட்ட வேண்டும், மட்ஃப்ளாப்பைக் கழற்ற வேண்டும். சக்கரம் மேலே ஏறும்போது மட்கார்டுக்குள் இடம் போதாது, ஆகவே லிஃப்ட் கிட் வேண்டும்.

லிஃப்ட் கிட் போட்டால் எல்லா உரசலும் தீரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பாடியை ஆக்ஸிலிலிருந்து மேலே தூக்கும், அதனால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி கூடும். ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலோடு பிணைந்தது. எத்தனை இஞ்ச் தூக்கினாலும் ஆர்முக்கும் டயருக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. அதோடு ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடு சாய்ந்து, ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் மங்கிவிடும். இதற்கெல்லாம் தனித்தனி பாகங்கள் கிடைக்கின்றன, வேலை தெரிந்த ஆள் செய்தால் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் அது முழு சஸ்பென்ஷன் வேலை. டயர் மாற்றும் செலவோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

எஞ்சினையும் நினைக்க வேண்டும். 1.5 லிட்டர் பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர் டார்க். டயர் விட்டம் கூடினால் எல்லா கியரும் அதே அளவு நீண்டுவிடும். 1.5 சதவீதம் நீள்வது கவனித்தால்தான் தெரியும். 235 போட்டால் கிட்டத்தட்ட 6 சதவீதம், டயரின் எடை வேறு. உரம் ஏற்றிக்கொண்டு பெரும்பாறை ஏற்றத்தில் செகண்டு கியரில் வளைவுகளை எடுக்கும் எனக்கு அந்த 6 சதவீதம் ரொம்ப அதிகம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொன்னது. லிஃப்ட் கிட், வெட்டிய பம்பர், வெளியே துருத்தும் டயர் எல்லாம் பார்த்தவுடன் கண்ணில் படும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் நேரத்தில் அதுவே பேச்சாகிவிடும். 215/75 அளவும் மாருதி இந்த வண்டிக்குக் குறித்த அளவு இல்லை. வாரன்ட்டியில் இருப்பவர்கள் சர்வீஸ் சென்டரில் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது? சேற்றில் வித்தியாசம் முதல் மழையிலேயே தெரிந்தது. டிரெட் கட்டைகளுக்கு நடுவே மண் சிக்கினாலும் இரண்டு சுற்றில் உதிர்ந்து, அடுத்த கடி கிடைக்கிறது. முன்பு 4எல் (நாலு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியர்) போட்டுத் திணறிய ஓடைக் கரையை இப்போது 4ஹெச்சிலேயே (அதன் சாதாரண கியர்) ஏறுகிறேன். கல் பாதையில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். டயர் பரந்து கல்லை அணைத்துப் பிடிக்கிறது, இடுப்புக்கும் சுகம். காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் வயிறு தள்ளுமே, அப்போது ஆர்மில் உரசாதா என்று ஒருவர் கேட்டார். வயிறு தள்ளுவது தரையோடு ஒட்டியிருக்கும் கீழ்ப்பகுதியில் மட்டும்தான். ஆர்ம் இருக்கும் உயரத்தில் டயரின் அகலம் மாறுவதில்லை. பயப்பட வேண்டாம். தார் ரோட்டுக்கு வந்ததும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குக் காற்றை ஏற்றிவிட வேண்டும், அதில் சோம்பல் கூடாது. ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஸ்டியரிங் ஒடிக்கும்போது முன்பக்கம் கரகரவென்று கேட்டது. இறங்கிப் பார்த்தால் லைனரில் செம்மண் விரல் தடிமனுக்கு அப்பிக் காய்ந்து, நடுவே ஒரு சரளைக் கல் துருத்திக்கொண்டிருந்தது. டயர் அதைத்தான் சுரண்டியிருக்கிறது. மண்வெட்டிக் காம்பால் தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தது, சத்தமும் போனது. சேற்றுப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம். ஷோரூம் தரையில் நின்று பார்க்கும் இடைவெளி மண் அப்பிய பிறகு இருக்காது. அந்த மண்ணுக்கும் இடம் விட்டுத்தான் டயர் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 215 அந்த இடத்தை விடுகிறது, 235 விடாது.

தார் ரோட்டில் சத்தம் கூடியிருக்கிறது. ஏ/டி டயர் எதைப் போட்டாலும் ஹெச்/டியைவிடக் கொஞ்சம் ஹம்மிங் இருக்கும். 80க்கு மேல் போனால் காதில் விழும், பாட்டு வைத்தால் மறையும். ஈரத் தாரில் பிரேக் பிடிப்பு எனக்கு முழு நம்பிக்கை தருகிறது. மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போலக் குறைந்திருக்கும். ஓடோமீட்டர் இப்போது 1.5 சதவீதம் குறைவாகக் காட்டும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதை மறந்தால் நஷ்டம் பெரிதாகத் தெரியும். ஸ்பீடோமீட்டர் முன்பு ஜிபிஎஸ்ஸைவிடச் சற்று அதிகம் காட்டும். இப்போது இரண்டும் நெருங்கி வந்துவிட்டன.

இந்த அளவில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 215/75 ஆர்15 என்பது மஹிந்திரா பொலேரோவின் அளவு. மலைப்பக்கம் பொலேரோ ஓடாத ஊர் கிடையாது. பக்கவாட்டில் கல் கிழித்துவிட்டால் வத்தலக்குண்டில் ஏதாவது ஒரு கடையில் அன்றைக்கே இந்த அளவு கிடைத்துவிடும், பிராண்டு வேறாக இருந்தாலும் வீடு வந்து சேரலாம். பெரிய, அபூர்வமான அளவு போட்டவர்கள் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பணம் மிச்சம் பிடிக்க நாலு மட்டும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிம்னியின் நாலு சக்கர இயக்கத்தில் சென்டர் டிஃபரென்ஷியல் (முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பாகம்) கிடையாது. 4ஹெச், 4எல் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் சக்தியை முன்னும் பின்னும் அனுப்பும் பெட்டி) முறுக்கமாக ஏறும். பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டும் இடம் பெரும்பாலும் 4x4 தேவைப்படும் இடமாகத்தான் இருக்கும். ஆகவே ஐந்தும் ஒரே அளவு. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கவர் இந்த அளவுக்கு இழுத்துப் பிடித்து மூடுகிறது, புதுக் கவர் தேவைப்படவில்லை.

விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் தொகையை எழுதவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் கொடுத்த கொட்டேஷனை வைத்துக்கொண்டு தள்ளிப்போட்டவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது சைடுவாலில் உள்ள நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்திலும் தேதி பக்கம் பக்கமாக இருக்கும்படி எடுத்துத் தரச் சொன்னேன், கடைக்காரர் குடோனுக்குள் போய்த் தேடி எடுத்து வந்தார். பேலன்சிங், அலைன்மென்ட் செய்து, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வந்து இறுக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாவதையும் சேர்த்துச் சுழற்சியில் விட்டிருக்கிறேன், ஐந்தும் ஒன்றாகவே தேய்ந்துகொண்டு வருகின்றன.