பிச்சாட்டூர் ஏரி: கீழ்க்கரையில் இருக்கறவன் எழுதறது

திருப்பதி போற வழியில, ஆந்திராவுல இருக்கற பிச்சாட்டூர் ஏரியைப் பார்த்துட்டு "அருமையான இடம், குடும்பத்தோட போகலாம்"னு நிறையப் பேர் எழுதறாங்க. உண்மைதான், நல்ல காத்து. ஆனா நான் அந்த ஏரிக்குக் கீழ, சுருட்டப்பள்ளி பக்கம் ஆத்தங்கரையில ஆறு மாடு வெச்சிருக்கறவன். தினமும் பால் கேன் ஏத்திக்கிட்டு ஊத்துக்கோட்டைக்குப் போய் வர்றேன். எனக்கு இந்த ஏரி வேற விஷயம்.

ஏரின்னு நாம சொன்னாலும் அது ஆரணியாத்துக்குக் குறுக்கே கட்டின அணை. கொள்ளளவு 1.85 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி). பேப்பர்ல ஏரியோட முழு மட்டம்னு வர்ற 281 அடியை ஆழம்னு நினைச்சுக்காதீங்க, அது கடல் மட்டத்துலேர்ந்து எடுத்த கணக்கு. (இந்த ஆறு பெரியபாளையம், பொன்னேரி வழியா பழவேற்காட்டுக்குப் போகுது.)

இது பாசனத்துக்குக் கட்டினது. வெள்ளத்தைப் பிடிச்சு வெக்கணும்னா உள்ள காலி இடம் இருக்கணும். கார்த்திகையில ஏரி தளும்பி நிக்கறப்ப மலையில ஒரு ராத்திரி கொட்டினா, வர்றது அத்தனையும் ஷட்டர் வழியா எங்க பக்கம்தான். போன வருஷம் கரையில பார்த்த, ஷட்டரைப் பார்த்துக்கற லஸ்கர் அண்ணன்கிட்ட, "தண்ணியைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சு விடக்கூடாதாண்ணா"ன்னு கேட்டேன். "எடம் எங்க இருக்குது தம்பி?"ன்னார்.

அவர் சொன்னது சரி. திறக்காம விட்டாத்தான் ஆபத்து. மண்கரை மேல தண்ணி ஏறி வழிஞ்சா கரையையே அறுத்துடும். 2021 நவம்பர் 19-ஆம் தேதி ராஜம்பேட்டை பக்கம் செய்யேரு ஆத்துல, மேல பிஞ்சா அணை கரை உடைஞ்ச தண்ணியும் சேர்ந்து வந்து, அன்னமய்யா அணையோட மண்கரையை அடிச்சுக்கிட்டுப் போச்சு. கீழ இருந்த ஊர்கள்ல எத்தனை உயிர்! அதுலேர்ந்து வருஷா வருஷம் ஆடியில நானே போய்க் கரையோரம் நடந்து பார்க்கறேன். வெளிச்சரிவுக்கு அடியில புதுசா ஈரம் இருக்கா, எலி வளை இருக்கா, வேர் விட்ட மரம் இருக்கா. கசிவு தெளிவா வந்தா கவனிச்சுக்கிட்டே இருக்கணும். கலங்கலா வந்தா உள்ளேயிருந்து மண் கரையுது, அன்னைக்கே ஆள் வரணும். இந்த ஆடியில நான் நடந்த தூரம் வரைக்கும் காய்ஞ்சுதான் இருந்தது. மனசு ஆறுச்சு.

கரைக்கு அஞ்சுக்கு நாலு மார்க் கொடுப்பேன். தண்ணி திறக்கற தகவல் சொல்றதுக்கு ரெண்டுதான். சில வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி, தண்ணி மாட்டுக் கொட்டாய்க்குள்ள முழங்கால் அளவு வந்த பிறகுதான் எங்க தெருவுல ஒலிபெருக்கி கேட்டுச்சு. பெரிய மாடுகளை அவுத்து விட்டுட்டோம். மூலையில கட்டியிருந்த கன்னுக்குட்டியை என் சம்சாரம் கயித்தை அறுத்துத் தூக்கிட்டு வந்தா, ஆனா அது விடியலைப் பார்க்கல. பிறந்து பதினோரு நாள்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. எத்தனை கன அடி, எத்தனை மணிக்குத் திறக்கறாங்க, நம்ம ஊரை எத்தனை மணிக்குத் தொடும். இந்த மூணையும் தெலுங்குலயும் தமிழ்லயும் இருட்டறதுக்கு முன்னாடி சொல்லணும். ஏரி நிறையறதுக்கு ரெண்டு அடி இருக்கறப்பவே கொஞ்சம் கொஞ்சமா விட ஆரம்பிச்சா, ஒரேயடியா வர்ற வெள்ளம் குறையும். ஆத்துக்குள்ள முளைச்சிருக்கற சீமைக்கருவேலத்தையும் மழைக்கு முன்ன வெட்டி எடுக்கணும்.

சுத்திப் பார்க்க வர்றவங்க, ஷட்டர் திறந்திருக்கற நாள்ல பிள்ளைங்களைக் கீழ இறக்காதீங்க. நான் கொட்டாயை மேட்டுக்கு மாத்திட்டேன். எங்களுக்குக் கீழ இருக்கற நாலு வீட்டுக்கு மாத்த மேடு இல்ல.