ஆறடிக்கு மேல் உள்ளவருக்கு மலிவான நீளக் கிற்றார் பட்டி: மட்டக்களப்புப் புழுக்கத்தில் சில வருடப் பாவனை

கடையில் தொங்கும் கிற்றார் பட்டிகளில் பெரும்பாலானவை 60 அங்குலத்தோடு நின்றுவிடும். நடுத்தர உயரமுள்ளவருக்கு, கழுத்தடியில் பட்டன் (பட்டியை மாட்டும் குமிழ்) உள்ள கிற்றார் என்றால், அதுவே தாராளம். நான் ஆறடிக்கு மேல், தோளும் அகலம். போதாக்குறைக்கு என்னுடைய அக்கூஸ்டிக்கில் (மின்சாரமில்லாத கிற்றாரில்) பின்பக்கம் ஒரே ஒரு பட்டன்தான். பட்டியின் மற்ற முனையைத் தலைப்பக்கம், நட்டை (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையை) தாண்டிக் கம்பிகளுக்கு அடியால் கயிறு விட்டுக் கட்ட வேண்டும். சாதாரணப் பட்டியை முழுக்க இழுத்து விட்டாலும் கிற்றார் நெஞ்சில் ஏறிக் குந்திக்கொள்ளும். அப்படியே இரண்டு பாட்டு வாசித்தால் இடது தோள் காதுக்குக் கிட்ட வந்துவிடும்.

நீளப் பட்டி என்றதும் கிற்றாரை முழங்கால் வரைக்கும் தொங்கவிடும் பெடியள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அது அவர்கள் பாடு. அவ்வளவு கீழே விட்டால் இடது மணிக்கட்டு மடங்கி, பார் கோர்ட் (ஒரு விரலைக் குறுக்கே வைத்துக் கம்பிகளை அழுத்தும் பிடி) பிடிக்கும்போது நரம்பு இழுக்கும். எனக்கு நீளம் தேவைப்படுவது மற்றவர்கள் வைத்திருக்கும் அதே உயரத்தில் கிற்றாரை வைப்பதற்குத்தான்.

வாங்கமுதல் அளந்து பாருங்கள், செலவில்லாத வேலை. கதிரையில் இருந்து வாசிக்கும்போது கிற்றார் எந்த உயரத்தில் நிற்கிறதோ, எழும்பி நின்றாலும் ஏறக்குறைய அங்கேதான் நிற்க வேண்டும். ஒரு சணல் கயிற்றைப் பின்பட்டனில் கட்டி, முதுகால் எடுத்துத் தோளுக்கு மேலால் கொண்டுவந்து மற்ற முனையில் முடிந்து, பிறகு தையல் டேப்பில் அளந்தால் சரி. தலைப்பக்கம் கட்டும்போது எனக்கு 66 அங்குலம் வந்தது. கழுத்தடியில் கட்டினால் அதில் ஓரடி மிச்சம். கழுத்து 14ஆவது பிரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியில்) உடம்போடு சேரும் சாதாரண அக்கூஸ்டிக்கில் நட்டுக்கும் உடம்புக்கும் இடையில் 14 அங்குலம் கிடக்கிறது, பட்டியை விழுங்குவது அந்தத் தூரம்தான். அதனால் கழுத்தடியில் இன்னொரு பட்டன் பூட்டத் தெரிந்த ஆள் கிட்ட இருந்தால் நீளப் பட்டியே தேவைப்படாமலும் போகலாம். பழைய கிற்றாரில் துளை போட எனக்கு மனம் வரவில்லை.

‘எக்ஸ்ட்ரா லோங்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். அதற்கு ஒரு பொது அளவு இல்லை. 63 அங்குலத்துக்கும் அப்படித்தான் போடுகிறார்கள், 75க்கும் அப்படித்தான். எத்தனை அங்குலத்தில் இருந்து எத்தனை அங்குலம் வரை என்று இரண்டு எண்ணையும் பாருங்கள். மலிவு வகையில் எர்னி பால் நிறுவனத்தின் பொலிப்ரோ பட்டி 41 முதல் 72 வரை போகும். என்னைப் போன்ற உடம்புக்கு அந்த 72தான் குறி. நான் வாங்கியது அதே நீளத்தில் பெயரில்லாத ஒன்று. இணையத்தில் எடுத்து, கூரியரில் வந்து சேர்ந்தது. இரண்டு அங்குல அகலக் கறுப்புப் பொலிப்ரொப்பிலீன் நாடா, தோல் முனைகள், இரும்பு பக்கிள். கொழும்புக் கடையில் தோல் பட்டிக்குச் சொன்ன விலையில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஊரில் பொருளைப் பார்க்கிற மாதிரிக் காற்றையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மார்கழி மழைக்கு அலுமாரிக்குள் தொங்கிய தோல் இடுப்புப் பட்டியில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருப்பதைக் காணாத வீடு மட்டக்களப்பில் இருக்காது. மாமா ஒருவர் ஆசையாகத் தந்த தோல் கிற்றார் பட்டிக்கும் அந்தக் கதிதான். துடைத்தாலும் மணம் போகவில்லை. பருத்திப் பட்டி தோளுக்குச் சுகம், வழுக்காது. ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும். நைலோன் கொஞ்சம் ஈரம் பிடிக்கும், நனைந்தால் சற்றுத் தளரும். பொலிப்ரொப்பிலீன் தண்ணீரைக் குடிக்காது என்றே சொல்லலாம். உயிர்ப்பு ஞாயிறு நள்ளிரவுப் பூசையில் சட்டை முழுக்க நனைந்து வந்தாலும், பட்டியைக் குழாயில் அலசி ஒரு உதறு உதறினால் விடிய முதல் காய்ந்துவிடும். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். அந்த நாருக்கு வெயில் ஆகாது, நாள்பட்டால் பொடியும்.

அதன் குணத்தில் பிடிக்காதது இரண்டு. ஓரம் கூர். கொலர் இல்லாத சட்டையோடு வாசித்தால் கழுத்தில் சிவப்புக் கோடு விழும். மற்றது, வழுக்கும். தலைப்பக்கம் கட்டிய அக்கூஸ்டிக்கில் இது தெரியாது. தலை பாரமான பேஸ் கிற்றாரில்தான் தெரியும்: இடது கையை எடுத்தவுடன் கழுத்து நிலத்தைப் பார்க்கப் போகும். பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினோடு சேர்ந்து கஃப்ரிஞ்ஞா என்ற நடன இசை வாசிக்கப் போனால் ஒரே இடத்தில் நிற்க முடியாது, அந்த 6/8 தாளம் ஆளை ஆட்டும். பட்டி தோளில் இருந்து கழுத்துக்கும், கழுத்தில் இருந்து தோளுக்கும் நடந்துகொண்டே இருக்கும். பழைய வெல்வெட் துணியில் ஒரு சாண் நீளத்துக்கு உறை தைத்துத் தோள் படும் இடத்தில் போட்ட பிறகு இரண்டு குறையும் தீர்ந்தது. நாலு கிலோ பேஸைத் தோளில் போட்டு இரவு முழுக்க நிற்பவர் என்றால் இரண்டு அங்குலமே போதாது, மூன்று அங்குல அகலம் தேடுங்கள். நீளத்தோடு அகலமும் சேர்ந்தால் மலிவு என்ற கதை முடிந்தது.

பக்கிளை இரும்பில் பாருங்கள். பிளாஸ்திக் பக்கிள் உடையாவிட்டாலும் பல் தேய்ந்து மெல்ல மெல்ல இறங்கும். பூசை தொடங்கும்போது தொப்புளில் இருந்த கிற்றார் நற்கருணைப் பாட்டுக்கு இடுப்புக்கு வந்துவிடும். இரும்பு, உப்புக் காற்றுக்குத் துருப் பிடிக்கும்தான், ஆனால் பிடியை விடாது. என்னுடையதில் கறுப்புப் பூச்சு உரிந்து ஓரங்கள் செம்மண் நிறமாகிவிட்டன. வெள்ளைச் சட்டை போடுகிற நாளில் அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சகிக்கக்கூடியவை. மலிவுப் பட்டி கிற்றாரை விழுத்துவது முனையில்தான். வந்த புதிதில் முனைத் தோல் விறைப்பாக இருந்தது, பட்டனில் ஏற்றப் பெருவிரலால் நெரிக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் போனபின் அதே துளை வாயைத் திறந்தபடி நின்றது. உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது: தோல் என்று விற்றது மேலே ஒரு மெல்லிய தோல், நடுவில் அட்டை, கீழே ரெக்சீன். வியர்வை அட்டைக்குள் இறங்கி அது பஞ்சுபோல் பிரிந்திருந்தது. பஸ் நிலையப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் கொண்டுபோனேன். விரலால் ஒருக்கா மடித்துப் பார்த்துவிட்டு, “இது தோலில்ல மனே, பெட்டிக் காட்போட்” என்றார். மறுகா பழைய செருப்பு வாரில் இரண்டு துண்டு வெட்டி, மெழுகு நூலால் பெட்டித் தையலும் நடுவில் குறுக்குத் தையலும் போட்டார். துளையைச் சிறிதாகக் குத்தி, அதில் இருந்து ஒரு சிறு கீறல் மட்டும் விட்டார். பட்டியின் விலையோடு பார்த்தால் கூலி சில்லறைக் காசு. அந்த முனைகள் இன்றைக்கும் அசையவில்லை.

இனி யாரும் கேட்டால், வாங்கும்போதே முனையை மடித்துப் பார்க்கச் சொல்வேன். உண்மைத் தோல் மடித்த இடத்தில் கோடு விழுந்தாலும் பிரியாது, ஒட்டுத்தோல் அடுக்கடுக்காகத் தெரியும். இணையத்தில் மடித்துப் பார்க்க வழியில்லை, ஓரம் தெரிகிற மாதிரிப் படம் இருந்தால் பெருப்பித்துப் பாருங்கள். பட்டி பட்டனில் இருந்து கழராமல் பூட்டும் டன்லப், ஷாலர் ஸ்ட்ராப் லொக் எல்லாம் நல்லவைதான், ஆனால் பட்டியை விட லொக் விலை கூட என்றால் அதில் என்ன நியாயம்? வெளிநாட்டில் குரோல்ஷ் பியர்ப் போத்தலின் ரப்பர் வளையத்தைப் பட்டனில் மாட்டுவார்கள். நான் சைக்கிள் டியூப்பில் வட்டம் வெட்டி மாட்டுகிறேன். வேலை ஒன்றுதான். நைட்ரோ (நைட்ரோசெலுலோஸ் லாக்கர்) பொலிஷ் அடித்த விலைகூடிய கிற்றார் என்றால் ரப்பரை அதில் பட விடாதீர்கள், கறை பிடிக்கும்.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஊரிலேயே ஒரு வழி உண்டு. வாகனச் சீட்டுத் தைக்கும் குஷன் கடையில் சீட் பெல்ட் நாடா கேளுங்கள். ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம், பொலியெஸ்டர், ஓரமும் வெட்டாது. இரண்டு யார் போதும் என்று தோன்றும், ஆனால் பக்கிளில் மடிந்து திரும்பி வரும் துண்டையும் சேர்த்து இரண்டரை யார் எடுங்கள். முனைக்கு அதே சப்பாத்துக்கார ஐயா. எங்கள் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கும் தம்பி இப்படிச் செய்வித்ததுதான் வைத்திருக்கிறான். வாங்கியதை விட அது நல்லாயிருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை.

ஒரே கிற்றாரை வீட்டில் பலர் பாவிக்கிறீர்கள் என்றால் சின்ன எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 72 வரை நீளும் பட்டி 41க்குக் கீழே சுருங்காது. பத்து வயது மருமகள் கழுத்தடியில் பட்டன் உள்ள சின்னக் கிற்றாரில் அதை மாட்டிப் பார்த்தாள், கிற்றார் அவளுடைய தொடைக்குப் போய்விட்டது. அவளுக்குச் சாதாரணப் பட்டியே வாங்கிக் கொடுத்தோம்.