ஓடும் மெய்நிகர் கணினியில் பல்செயல் அட்டையைச் செருகுதல்: கியூஎமுவின் ஹாட்பிளக் வசதி குறித்த மதிப்பீடு

நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார் 2003-இல் தொடங்கிய கியூஎமு, ஒரு கணினிக்குள் வேறொரு கணினியை மென்பொருளாகவே (மெய்நிகராக) ஓட்டும் நிரல்; இன்று அது லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம்முடன் சேர்ந்து லினக்ஸ் சர்வர்களில் பரவலாக ஓடுகிறது. அதன் பல வசதிகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே, ஒன்றுக்கு மேற்பட்ட ஃபங்ஷன்கள் (ஒரே அட்டையில் தனித்தனிச் சாதனங்களாகத் தெரியும் பகுதிகள்) கொண்ட பிசிஐ சாதனத்தை, அதாவது கணினியின் விரிவாக்க அட்டையை, அதில் செருகும் ஹாட்பிளக் வசதி.

பிசிஐ விதிப்படி ஒரு ஸ்லாட்டில் (அட்டை செருகும் இடத்தில்) 0 முதல் 7 வரை எட்டு ஃபங்ஷன்கள் இருக்கலாம். கிராபிக்ஸ் அட்டையின் காட்சிப் பகுதி 0 ஆகவும், அதே அட்டையின் எச்டிஎம்ஐ ஒலிப் பகுதி 1 ஆகவும் அமைந்திருப்பது நாம் அன்றாடம் காணும் எடுத்துக்காட்டு. ஸ்லாட்டைத் தேடும் இயங்குதளம் முதலில் 0-ஐத்தான் பார்க்கும். அங்கே எதுவும் இல்லையென்றால் மற்றவற்றைத் தேடாமல் அடுத்த ஸ்லாட்டுக்குப் போய்விடும். 0 இருந்து, அதன் ஹெடர் வகைப் பதிவேட்டின் (சாதனம் தன் வகையைச் சொல்லும் இடத்தின்) உச்ச பிட் 1 ஆக இருந்தால் மட்டுமே மற்ற ஏழையும் துழாவும்.

கியூஎமு இந்த நடத்தையையே தன் விதியாக்கிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1 முதல் 7 வரையுள்ள ஃபங்ஷன்களை முதலில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அதுவரை இயங்குதளத்துக்கு எந்த அறிவிப்பும் போகாது. 'மல்டிஃபங்ஷன்' பண்பை இயக்கி 0-ஐக் கடைசியாகச் சேர்க்கும்போதுதான், முழு அட்டையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததாக இயங்குதளம் அறிகிறது. வரிசை மாறினால், 0 ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டதால் புதிய ஃபங்ஷனை உள்ளே காட்ட முடியாது என்று பிழைச்செய்தி தெளிவாகக் காரணம் சொல்லி மறுக்கிறது. பாதி அட்டை மட்டும் தெரியும் குழப்பத்துக்கு இடமே இல்லை. 0-ஐச் சேர்ப்பதற்கு முன் மனம் மாறினாலும், சேர்த்தவற்றை இயங்குதளத்திடம் கேட்காமலே தனித்தனியாக நீக்கிவிடலாம்.

கழற்றுவது இவ்வளவு சுலபமன்று. ஃபங்ஷன் ஒன்றைக் குறிப்பிட்டு நீக்கச் சொன்னாலும் ஸ்லாட் முழுவதும் கழன்றுவிடும் என்பதால், ஒலிப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் காட்சிப் பகுதியை ஓடவிட வழியில்லை. நிஜ அட்டையைக் கையால் உருவினாலும் அப்படித்தான் நடக்கும் என்பதால் இதைக் குறையென்று சொல்லமாட்டேன். ஆனால் நீக்கும் கட்டளை உடனே திரும்பிவிடுவதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. பிசிஐயின் புதிய வடிவமான பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த ஹாட்பிளக் முறையில் அந்தக் கட்டளை ஒரு பொத்தானை அழுத்தியதற்குச் சமம். லினக்ஸ் கர்னல் 5 வினாடி காத்திருந்த பிறகே வேலையைத் தொடங்கும். சாதனம் நீக்கப்பட்டதாக நிகழ்வறிவிப்பு வந்த பிறகே அந்த அட்டையை வேறொரு கணினிக்குக் கொடுக்க வேண்டும். 2021-இல் வந்த 6.1 பதிப்பு முதல் க்யூ35 இயந்திரத்தில் (கியூஎமு தரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கணினி மாதிரியில்) அந்தச் சொந்த முறைக்குப் பதிலாக ஏசிபிஐ (நிலைபொருள் வழியாக இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும்) முறையே இயல்பாக இயங்குகிறது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

என் உண்மையான மனக்குறை முன்னேற்பாட்டைப் பற்றியது. க்யூ35-இன் மூலப் பேருந்தில் (சாதனங்களை இணைக்கும் முதன்மைத் தரவுத்தடத்தில்) நேரடியாக ஹாட்பிளக் செய்ய இயலாது. அட்டைகளைச் செருகுவதற்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட்டுகளைக் கணினி தொடங்கும்போதே வைத்திருக்க வேண்டும். பெரிய நினைவகச் சாளரம் (அட்டையின் நினைவகத்தை அணுகும் முகவரிப் பரப்பு) கேட்கும் கிராபிக்ஸ் அட்டையாக இருந்தால் அந்தப் போர்ட்டுக்குப் போதிய முகவரி இடத்தையும் முன்பே ஒதுக்க வேண்டும். இல்லையெனில் அட்டை கண்ணுக்குத் தெரிந்தும் அதன் டிரைவர் எழாமல் போகலாம். இதற்கான ஒதுக்கீட்டுப் பண்புகள் ரூட் போர்ட்டிலேயே இருக்கின்றன. ஆனால் வரிசை பிழைத்தால் அவ்வளவு தெளிவாகப் பேசும் கியூஎமு, இடம் போதாதபோது வாய் திறப்பதில்லை. காரணத்தை உள்ளே ஓடும் கர்னலின் பதிவுகளில்தான் தேட வேண்டும். எனவே கிராபிக்ஸ் அட்டைகளைக் கணினிகளுக்கிடையே மாற்றிக் கொடுக்கும் நிர்வாகிகள் இந்த வசதியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் இடம் ஒதுக்கிய காலிப் போர்ட் ஒன்றையாவது முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும்.