எஃப்.டி.ஏ. சான்றிதழ் காட்டி விற்கும் காது மெஷின்: பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், லேசாகவோ நடுத்தரமாகவோ காது மந்தமான பெரியவர்கள் மருந்துச்சீட்டு இல்லாமலே காது மெஷின் வாங்கலாம். இப்படி நேரடியாக வாங்குவதற்குப் பெயர் 'ஓ.டி.சி.' (ஓவர் தி கவுன்டர்). சட்டம் நல்லதுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து, காதில் மாட்டி எல்லாச் சத்தத்தையும் ஏற்றும் வெறும் ஒலிபெருக்கியையும் 'ஓ.டி.சி. ஹியரிங் எய்ட்' என்று தள்ளிவிடுகிறார்கள். விளம்பரத்தில் முத்திரை குத்திய 'எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ்' இருக்கும். எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்; அது அப்படிச் சான்றிதழ் எதுவும் தருவதே இல்லை. பதிவு என்பது நிறுவனம் தன்னைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது. கருவியைச் சோதித்தார்கள் என்று அர்த்தமில்லை.

ஏமாந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சத்தம் கேக்குது, பேச்சு புரியல." வயதாகும்போது முதலில் குறைவது கீச்சு ஒலிகள். ஸ, ச, ஃப எல்லாம் நழுவிவிடும். நல்ல கருவி, தாழ்ந்த ஒலிகளை அதிகம் ஏற்றாமல் அவற்றைக் கூடுதலாகத் தூக்கிக்கொடுக்கும். மட்டமான ஒலிபெருக்கி ஃபேன் இரைச்சலையும் தட்டுச் சத்தத்தையும் சேர்த்தே ஏற்றும். பேச்சு அதில் அமுங்கிப்போகும்.

ஆகவே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முகப்பில் 'ஓ.டி.சி.', 'ஹியரிங் எய்ட்' இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்ல என்ற எச்சரிக்கை, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல், திரும்பப் பெறும் விதி ஆகியவையும் வெளியிலேயே இருக்க வேண்டும். திரும்பப் பெற்றே தீர வேண்டும் என்று எஃப்.டி.ஏ. கட்டாயப்படுத்தவில்லை; விதியை அச்சிடத்தான் சொல்கிறது. அதனால் அந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

அசல் ஓ.டி.சி. கருவியும் எல்லோருக்கும் ஆகாது. அதன் உச்ச ஒலி 111 டெசிபல். ஒலியைத் தானே அடக்கும் வசதி இருந்தால் 117. அமைதியான அறையில் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை என்றால் இது போதாது, ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணர்) போங்கள். ஒரு காது மட்டும் மந்தம், திடீரென்று கேட்காமல் போவது, சீழ், வலி, தலைசுற்றல் இருந்தால் எந்தக் கருவியும் வாங்காமல் முதலில் காது மருத்துவரிடம் போங்கள். திடீர் இழப்புக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

மருந்துச்சீட்டுக் கருவியிலும் ஏமாற்று உண்டு. உங்கள் காதில் அளந்து சரிபார்க்காமல், கணினி போட்ட முதல் ஒலி அளவுக் கணக்கோடு மாட்டி அனுப்பிவிடுவார்கள். 'ரியல் இயர் மெஷர்மென்ட்' செய்யச் சொல்லிக் கேளுங்கள்: காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி சேருகிறது என்று அளப்பது. மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வேறாக வந்தால் பெட்டியையும் விளம்பரத்தையும் படம் பிடித்து, கார்டு நிறுவனத்திடம் அந்தக் கட்டணத்துக்கு மறுப்புத் தெரிவித்து, எஃப்.டி.சி.யிலும் (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) புகார் பதிவு செய்யுங்கள்.