ஆண்களுக்கான இன்டிமேட் வாஷ்: வாங்கும் முன் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஆண்களின் அந்தரங்க உறுப்புக்கென்றே விற்கப்படும் கழுவு திரவங்களுள் ஒன்றைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். அதன் பெயரைச் சொல்லவில்லை. நான் காணும் குறைகள் இவ்வகைத் திரவங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. அரிப்பு, வியர்வை, வாடை ஆகிய மூன்றும் நீங்கும் என்று புட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாடையும் வியர்வையும் சற்று நேரத்துக்கு நீங்குகின்றன என்பது உண்மை. அரிப்பைப் பற்றிய வாக்குறுதியைத்தான் நம்பக் கூடாது என்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச் (அமில-காரத்தன்மை) அளவு பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். தோலோ இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. அதன் அளவு ஏறக்குறைய 5. இந்தத் திரவத்தை அதற்கு நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். எனவே குளியல் சோப்பைக் கொண்டு அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பவருக்கு இது ஓரளவு மேல்தான். ஆனால் மென்தால் சேர்த்திருப்பதால் பட்டவுடன் ஒரு குளிர்ச்சி பரவுகிறது; முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவும்போது அந்தக் குளிர்ச்சியே மெல்லிய எரிச்சலாக மாறுகிறது. நுரை மடிப்புகளுக்குள் வழுவழுப்பாகத் தங்கிவிடுவதால், பலமுறை நீர் ஊற்றிய பிறகே முழுதாகப் போகிறது.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள பட்டியல்தான் முக்கியம். நறுமணம், தேயிலை மர எண்ணெய், மென்தால், பதப்படுத்தியாக மெத்தில்ஐசோதயாசோலினோன் ஆகியவை அதில் இருந்தன. நறுமணமும் இந்தப் பதப்படுத்தியும் ஒவ்வாமைத் தோலழற்சிக்குப் பெயர் பெற்றவை. கழுவாமல் தோலிலேயே விடப்படும் அழகுப் பொருள்களில் மெத்தில்ஐசோதயாசோலினோனை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை செய்துவிட்டது. கழுவிவிடும் பொருள்களில் மிகக் குறைந்த அளவே அனுமதி. மடிப்புக்குள் சிறிதளவு தங்கினாலும் கழுவிவிடும் பொருள் தோலில் விடப்படும் பொருளாகிவிடும் என்பதை இத்திரவத்தைத் தயாரித்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல என்பதே இத்தகைய திரவங்களின் அடிப்படைச் சிக்கல். மிகுதியாகக் கழுவுவதாலேயே ஆணுறுப்பின் நுனியான மொட்டுப் பகுதி சிவந்து எரிவது அடிக்கடி நேர்வது. அப்படிப்பட்டவர் இன்னொரு திரவத்தை வாங்கிக் கூடுதலாகக் கழுவினால் எரிச்சல் கூடத்தான் செய்யும். துணி துவைக்கும் தூளின் எச்சம், ஆணுறையின் லேட்டெக்ஸ், உயவுப் பசை ஆகியவையும் எரிச்சலைத் தூண்டலாம். தொடை இடுக்கில் விளிம்பு தடித்து வளையமாகப் பரவுவது படர்தாமரை. அது பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். கேண்டிடா என்னும் பூஞ்சையோ விதைப்பையையும் மொட்டையும் பிடிக்கும். சிவந்த புள்ளிகளும் முன்தோலுக்கடியில் வெண்படலமும் தோன்றும். இது திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது அவசியம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இத்தொற்று எளிதில் வருகிறது. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவில் அரிப்பு கூடி, விதைப்பையில் சிறு முடிச்சுகள் தென்பட்டால் சிரங்கா என்று பார்க்க வேண்டும். அப்போது வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவைப்படும். சில நுண்ணுயிர்க்கொல்லிகளையோ வலி நிவாரணிகளையோ சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் கருஞ்சிவப்புத் திட்டு வருமானால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். இவற்றுள் எதையும் நுரை குணப்படுத்தாது.

இத்திரவத்தால் பயனில்லை என்று கண்டவர்கள் அடுத்து நாடுவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு. பூஞ்சைக்கொல்லியும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்த இக்களிம்புகள் ஓரிரு நாளில் அரிப்பை அடக்கிவிடுவதால் மக்கள் அவற்றை நம்புகிறார்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிட ஏறக்குறைய 42 மடங்கு ஹைட்ரோகார்டிசோனை உறிஞ்சுவதாக 1967-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அத்தகைய இடத்தில் வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், நிறுத்தியவுடன் செந்நிறமும் எரிச்சலும் மீளும், படர்தாமரையும் உருமாறி அடையாளம் தெரியாமல் பரவும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, திரவத்தை நிறுத்திய பின் வெறும் வெதுவெதுப்பான நீரையும் மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லியையும் மட்டும் பயன்படுத்தினேன். நாளுக்கு ஒருமுறை முன்தோலை மென்மையாகப் பின்தள்ளிக் கழுவி, ஈரம் தங்காமல் ஒற்றியெடுத்து, முன்தோலை மீண்டும் முன்னே கொண்டுவந்துவிட்டால் போதும். பின்தள்ளியபடியே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும் அபாயம் உண்டு. உரசும் இடங்களில் ஜெல்லியை மெல்லிய படலமாகப் பூசினால் எரிச்சல் தணிகிறது. லேட்டெக்ஸ் ஆணுறையை ஜெல்லி நலிவடையச் செய்யும் என்பதால், இரண்டையும் ஒருங்கே பயன்படுத்தக் கூடாது. தளர்ந்த பருத்தி உள்ளாடையும், வியர்த்தவுடன் அதை மாற்றும் பழக்கமும் எந்தப் புட்டியைவிடவும் கூடுதலாக உதவுகின்றன. நீரைத் தவிர வேறு ஏதேனும் வேண்டும் என்போர், சோப்புக்கு மாற்றாகத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மணமற்ற ஈரப்பதக் களிம்பை நீருடன் குழைத்துப் பயன்படுத்தலாம்.

ஆகவே இதை வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. முன்பே வாங்கியிருந்தால் தொடை, அடிவயிறு போன்ற வெளிப்புறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலியில்லாத புண், கொப்புளங்கள், சீழ், முன்தோலில் வெண்திட்டும் இறுக்கமும், சிறுநீர் கழிக்கத் தடை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் எந்தப் பொருளையும் தடவிப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். பால்வினை நோயான சிபிலிஸின் முதற்புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறியும் விடும். ஆனால் நோய் உடலுக்குள் தொடரும். சந்தேகம் இருக்குமானால் துணையையும் உடன் அழைத்துச் சென்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.